ஓரியண்டேஷன் போய்வந்த பிள்ளை வேலைக்குத் தயாரா?

"பல்கலைக்கழகத்தில் தொழில் வழிகாட்டி நிகழ்ச்சிக்குப் போய்வந்துவிட்டான், இனிக் கவலை இல்லைதானே?" தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கத்துப் பெற்றோர் பலரும் கேட்பது இது. கவலை பாதிதான் குறையும். நூற்றுக்கணக்கானவர்களோடு அரங்கில் உட்கார்ந்து உரை கேட்டால் உற்சாகம் வரும், நாலு நிறுவனங்களின் பெயர் தெரியவரும். தேர்வு நெருங்கினால் இரண்டும் மறந்துபோகும். அங்கே பிள்ளை தன் கையால் என்ன செய்தான் என்பதுதான் பின்னால் உதவும்.

பிரவுன், ரயன் கிரேன் என்ற இரு ஆய்வாளர்கள் பழைய ஆய்வுகள் பலவற்றைத் தொகுத்துப் பார்த்து 2000-இல் சொன்னதும் ஏறக்குறைய இதுவே. பலன் தந்த வழிகாட்டல்களில் ஐந்து அம்சங்களை அவர்கள் கண்டார்கள்: எழுத்துப் பயிற்சி, தனியாக உட்காரவைத்துக் கருத்துச் சொல்வது, வேலைகளைப் பற்றிய உண்மைத் தகவல், அதே வழியில் போனவரைக் காட்டுவது, வீட்டாரின் ஆதரவைத் திரட்டுவது. அமர்வுகள் நாலைந்து வரை கூடக்கூடப் பலனும் கூடியது. ஒரே நாளில் முடிகிற நிகழ்ச்சியிடம் அதிகம் எதிர்பார்க்க முடியாது.

ஆகவே வீட்டுக்கு வந்ததும் "எப்படி இருந்தது?" என்று கேட்காதீர்கள். "என்ன எழுதினாய்? அதை யார் படித்துத் திருத்தினார்கள்?" என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால், அந்த வாரமே பல்கலைக்கழகத்தின் தொழில் வழிகாட்டி மையத்தில் தனிச் சந்திப்புக்கு நேரம் வாங்கச் சொல்லுங்கள். ஆர்வம், திறமை பற்றிய சோதனை எழுதியிருந்தால் அந்தத் தாளையும் கொண்டுபோகட்டும். யாரும் விளக்காத சோதனைத் தாளை வைத்துத் தனக்குக் கணக்கே வராது என்று முடிவுகட்டிவிடும் பிள்ளைகள் உண்டு.

அடுத்தது காலம். இறுதியாண்டில் விழித்துக்கொண்டால் பல கதவுகள் மூடியிருக்கும். பட்டயக் கணக்காளர் ஆகும் சி.ஏ. வழியையே எடுத்துக்கொள்ளுங்கள் (டர்பனில் இந்தியர் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த்தில் டாக்டர், வக்கீல், சி.ஏ. தவிர வேறு வேலை கண்ணில் படாத வீடுகள் இன்னும் இருக்கின்றன): அங்கீகாரம் பெற்ற பி.காம். 3 ஆண்டு, முதுநிலை டிப்ளமா 1 ஆண்டு, பயிற்சி ஒப்பந்தம் 3 ஆண்டு, இடையில் இரண்டு தொழில்முறைத் தேர்வுகள். அந்தப் பயிற்சி இடங்களுக்குப் பெரிய தணிக்கை நிறுவனங்கள் பட்டம் முடியும் முன்பே ஆள் எடுக்கத் தொடங்கிவிடும். ஜூலை விடுமுறையில் நிறுவனத்துக்குள் சில நாள் வேலை பார்க்கும் வாய்ப்புக்கு இரண்டாம் ஆண்டிலேயே விண்ணப்பிக்க வேண்டும்.

டிப்ளமா படிக்கிறவர்களுக்கு நெருக்கடி இன்னும் அதிகம். டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் பல படிப்புகளில் பணியிடப் பயிற்சி பாடத்தின் ஒரு பகுதி. அது முடியாமல் டிப்ளமா கைக்கு வராது. தொழிற்கல்வி தரும் டிவெட் கல்லூரியில் வணிகப் பிரிவில் கடைசிக் கட்டமான என்6 தேறினாலும், அதற்குமேல் 18 மாத வேலை அனுபவம் காட்டினால்தான் தேசிய டிப்ளமா. எல்லாத் தாளும் தேறி, இடம் கிடைக்காமல் வீட்டில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளைத் தெருவுக்குத் தெரு பார்க்கலாம். கல்லூரி பார்த்துக்கொள்ளும் என்று இருந்துவிடாமல், கடைசிப் பருவத்துக்கு ஆறு மாதம் முன்பே திறன் பயிற்சிக்கென்று உள்ள, துறைக்குரிய சீட்டா அமைப்பின் அறிவிப்புகளையும், வட்டாரத் தொழிற்சாலைகளின் மனிதவளப் பிரிவையும் தேடிப் போக வேண்டும். வீட்டாரின் ஆதரவு என்று ஆய்வு சொல்வது இங்கேதான் கைகொடுக்கும். கோயில் கமிட்டியில் இருக்கும் மாமாவுக்குத் தெரிந்த மேலாளரிடம் வேலை கேட்க வேண்டாம்; இருபது நிமிடம் பேச நேரம் கேளுங்கள். அங்கே பிள்ளை தானே பேசட்டும், நீங்கள் கூடப் போகாதீர்கள்.

விண்ணப்பத் தாள்களில் நடக்கும் தவறுகள் சின்னவை, இழப்பு பெரியது. அரசு வேலைக்கு இசட்83 என்ற விண்ணப்பப் படிவம் வேண்டும். 2021 ஜனவரி முதல் புதிய படிவம்தான் செல்லும். பழையதை யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள் என்று நிரப்பினால் தள்ளுபடி. நிரப்ப வேண்டிய கட்டத்தை வெறுமையாக விட்டாலோ, கையெழுத்தை மறந்தாலோ அதே கதிதான். சான்றிட்ட நகல்களைத் தேர்வுப்பட்டியலில் வந்தபின் கொடுத்தால் போதும் என்று இப்போது விதி இருக்கிறது; தனியார் நிறுவனங்கள் முதலிலேயே கேட்கலாம். காவல் நிலையத்தில் இலவசமாகவே முத்திரை போடுவார்கள். மாதக்கணக்கில் பழசானதை ஏற்கமாட்டார்கள், அதனால் மூட்டையாகப் போட்டு வைப்பதில் பயனில்லை.

சி.வி. இரண்டு பக்கம் போதும். "கடின உழைப்பாளி" என்ற வரியை எடுத்துவிட்டு, தைப்பூசக் காவடியன்று எத்தனை பேருக்கு அன்னதானம் நடந்தது, அதில் தான் பார்த்த பொறுப்பு என்ன என்று எழுதட்டும். நேர்காணலில் அதைப் பற்றியே கேள்வி வரும், சொல்வதற்கும் விஷயம் இருக்கும்.

இன்னொன்றும் உண்டு, ஓரியண்டேஷனில் அநேகமாக யாரும் சொல்லாதது: வேலை விளம்பரங்கள் பலவற்றில் கார் ஓட்டுவதற்கான கோட் 8 ஓட்டுநர் உரிமம் கேட்கிறார்கள். 17 வயதிலேயே பழகுநர் உரிமம் எடுக்கலாம். ஓட்டுநர் தேர்வுக்குத் தேதி கிடைக்கவே நாளாகும், முதலாண்டு விடுமுறையிலேயே தொடங்கிவிடுங்கள்.