தலையைத் தண்ணீரிடம் விடுதல் (கடிதம்)

அன்புள்ள அக்கா,

எனக்கு 41 வயது. கோயம்புத்தூரில் இருக்கிறேன். ஆறு வருடமாக ஓடுகிறேன், நான்கு அரை மாரத்தான் முடித்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் சிறுவாணி சாலையில் சைக்கிள். கூட ஓடுகிறவர்கள் இரண்டு பேர் கோவாவில் நடக்கும் 70.3 டிரையத்லானுக்கு (1.9 கிலோமீட்டர் நீச்சல், 90 சைக்கிள், 21 ஓட்டம், ஒன்றன்பின் ஒன்றாக) பெயர் கொடுக்கிறார்கள், என்னையும் கூப்பிடுகிறார்கள். ஓட்டமும் சைக்கிளும் பயமில்லை. நீச்சல்தான்.

சின்ன வயதில் அப்பா அண்ணன்கள் இருவருக்கும் இடுப்பில் கயிறு கட்டித் தோட்டத்துக் கிணற்றில் இறக்குவார். நான் மேலே அவர்கள் சட்டையை வைத்துக்கொண்டு நிற்பேன். பெண் பிள்ளைக்கு எதற்கு என்று என்னை விட்டுவிட்டார்கள். இப்போது மூன்று மாதமாக வகுப்புக்குப் போகிறேன். 25 மீட்டர் குளத்தில் ஒரு முறை போய்ச் சேர்வதற்குள் மூச்சு வாங்கிச் சுவரைப் பிடித்துக்கொள்கிறேன். 21 கிலோமீட்டர் ஓடுகிறவளுக்கு 25 மீட்டரில் எப்படி மூச்சு வாங்கும்? காலை இன்னும் வேகமாக அடியுங்கள் என்கிறார் பயிற்சியாளர். அடித்தால் இன்னும் மோசமாகிறது. போட்டிக்கு ஐந்து மாதம் இருக்கிறது. பணம் கட்டலாமா? இந்த வயதில் இது வருமா?

எம்.

*

அன்புள்ள எம்.,

பணத்தை இப்போது கட்டாதீர்கள். நீச்சல் உங்களுக்கு வரும், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஐந்து மாதத்தில் இந்தத் தூரத்தைப் பிடிப்பவர்களும் உண்டு. ஆனால் தேதியைக் குறித்துவிட்டுத் தண்ணீரில் இறங்கினால் தினமும் கணக்குப் பார்த்துக்கொண்டே நீந்துவீர்கள். இன்று 30 மீட்டர், இன்னும் 1,870 மீட்டர் என்று மனசு ஓடும், தோளும் கழுத்தும் இறுகும். நான் 39 வயதில் சென்னையில் நீச்சல் பழகியவள். முதல் சில மாதங்கள் எனக்கு அப்படித்தான் போயின.

மூச்சிலிருந்து தொடங்குகிறேன், உங்கள் பிரச்சினை முக்கால்வாசி அங்கேதான் இருக்கிறது. ஓடும்போது மூச்சைப் பற்றி நாம் நினைப்பதே இல்லை. முகம் தண்ணீருக்குள் போனதும் நம்மை அறியாமல் அதைப் பிடித்துக்கொள்கிறோம். அப்புறம் தலையைத் திருப்புகிற அந்த அரை விநாடியில் உள்ளே இருப்பதை வெளியே விட்டு, புதுக் காற்றையும் இழுக்கப் பார்க்கிறோம். அரை விநாடியில் இரண்டும் நடக்காது. பழைய காற்று பாதி உள்ளேயே தங்கிவிடும், அதன்மேல் கொஞ்சம் புதுக் காற்று ஏறும். பத்துப் பதினைந்து கைவீச்சில் நெஞ்சு நிறைந்திருக்கும், ஆனாலும் மூச்சு முட்டும். அந்தத் தவிப்பு பெரும்பாலும் ஆக்சிஜன் குறைவதால் வருவதில்லை, வெளியே போகாத கரியமில வாயு சேர்வதால் வருகிறது. ‘இழு, இழு’ என்று உடம்பு கேட்கிற நேரத்தில் செய்ய வேண்டியது வெளியே விடுவதுதான்.

அதற்கு ஒரு எளிய வழி, தண்ணீருக்குள் ‘ம்ம்ம்’ என்று முனகுவது. முனகிக்கொண்டே மூச்சைப் பிடிக்க யாராலும் முடியாது. ஆழமில்லாத பக்கம் கம்பியைப் பிடித்துக்கொண்டு முகத்தை உள்ளே விட்டு முனகுங்கள், தலையைப் பக்கவாட்டில் திருப்பி வாயால் ஒரு வாய் காற்று, மறுபடி உள்ளே முனகல். தினமும் பத்து நிமிடம் இதை மட்டும் செய்யுங்கள். இதற்கு ஃபிட்னஸ் எதுவும் வேண்டாம். இதைத் தாண்டாமல் எந்த ஃபிட்னஸும் உதவாது.

அடுத்தது கால். உங்கள் பயிற்சியாளரைக் குறை சொல்லவில்லை, குழந்தைகளுக்கு அவர் சொல்வது சரியாக வரும். ஆனால் நீங்கள் ஓடுகிறவர். தொடைத் தசைகள் உடம்பிலேயே பெரியவை, வேகமாக அடித்தால் இருக்கிற ஆக்சிஜனை அவையே எடுத்துக்கொள்ளும். அதோடு ஓடி ஓடி நம் கணுக்கால் இறுகிப்போயிருக்கும். பாதம் பின்னால் நீளாமல் கொக்கி மாதிரி கீழே தொங்கும். கிக்போர்டை, அதாவது மிதக்கும் பலகையைப் பிடித்துக்கொண்டு ஓட்டக்காரர்கள் எவ்வளவு அடித்தாலும் இருந்த இடத்திலேயே நிற்பதை நான் பல முறை பார்த்திருக்கிறேன். டிரையத்லானில் காலுக்கு அப்புறம்தான் வேலை, 90 கிலோமீட்டர் சைக்கிளும் 21 கிலோமீட்டர் ஓட்டமும் காத்திருக்கின்றன. தண்ணீரில் அது உடம்பை நேராக வைத்தால் போதும், மெல்ல ஆடட்டும்.

‘அடிக்காவிட்டால் கால் மூழ்குகிறதே’ என்பீர்கள். கால் மூழ்குவது தலையால். காற்று இருக்கிற நெஞ்சு மிதக்கும், கனமான இடுப்பும் காலும் இறங்கும். தலையைத் தூக்கினால் சீசா பலகை மாதிரி மறுபக்கம் இன்னும் கீழே போகும். தண்ணீர் காற்றைவிட ஏறத்தாழ 800 மடங்கு அடர்த்தியானது. அதற்குள் சாய்வாகப் போகிற உடம்பு ஒரு கதவைத் தள்ளிக்கொண்டு போவது மாதிரி. குளிர் நாடுகளில் போட்டிக்குப் போடுகிற வெட்சூட் என்கிற ரப்பர் உடை உடம்பை மேலே தூக்கிக் கொடுத்துவிடும். நம் ஊர்க் கடலின் சூட்டில் அந்த உதவி நமக்குக் கிடையாது. நாமேதான் கிடைமட்டமாகப் படுக்கப் பழக வேண்டும்.

எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் அறுபதைத் தாண்டிய ஓர் அம்மா, பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவர். காலையில் பெண்களுக்கென்று ஒதுக்கிய ஒரு மணி நேரத்தில் வருவார். நான் தலையைத் தூக்கித் தூக்கி நீந்துவதை ஒரு வாரம் பார்த்துவிட்டு, கூப்பிட்டு மல்லாக்கப் படுக்க வைத்தார். பின்னந்தலைக்குக் கீழே உள்ளங்கையைக் கொடுத்தார். “தலையை என் கையில விடும்மா” என்றார். விட்டேன். “விடலை. கழுத்து இன்னும் பிடிச்சிருக்கு” என்றார். மறுபடி விட்டேன். “இல்லை” என்றார். என் தலையின் எடை அவர் கையில் விழ இருபது நிமிடம் ஆனது. விழுந்தபோது இரண்டு காதும் தண்ணீருக்குள் போயின, குளத்துச் சத்தமெல்லாம் அடங்கி என் மூச்சு மட்டும் கேட்டது. இடுப்பு தானாக மேலே வந்தது. அவர் எப்போது கையை எடுத்தார் என்று எனக்குத் தெரியவே இல்லை.

உங்கள் கடிதத்தில் அந்தக் கிணற்றைப் படித்தபோது எனக்கு அந்தக் காலைப் பொழுதுதான் நினைவுக்கு வந்தது. நாம் உடம்பை இறுக்கிப் பிடித்தே வளர்ந்தவர்கள். உட்காரும்போது, பேருந்தில் நிற்கும்போது, தெருவில் நடக்கும்போது. உங்கள் அண்ணன்கள் அப்பா பிடித்த கயிற்றை நம்பிக் கையையும் காலையும் உதறியது பத்து வயதில். நீங்கள் அதை 41 வயதில், கயிறு இல்லாமல் செய்கிறீர்கள். மூன்று மாதத்தில் 25 மீட்டர் என்பது எனக்குக் குறைவாகத் தெரியவில்லை.

வயதைக் கேட்டீர்கள். அமெரிக்காவில் மடோனா புடர் என்று ஒரு கன்னியாஸ்திரி, 1930-ல் பிறந்தவர். 48 வயதில் ஓட ஆரம்பித்து, 52 வயதில் முதல் டிரையத்லான் செய்தார். 2012-ல், 82 வயதில் முழு அயர்ன்மேனை முடித்தார். அது 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 சைக்கிள், 42.2 ஓட்டம். இன்னொருவரையும் சொல்ல வேண்டும். 1978-ல் ஹவாயில் முதல் அயர்ன்மேன் நடந்தபோது இறங்கிய 15 பேரும் ஆண்கள். அடுத்த வருடமே லின் லெமேர் என்ற சைக்கிள் வீராங்கனை 12 மணி 55 நிமிடத்தில் முடித்து, மொத்தத்தில் ஐந்தாவதாக வந்தார். அவருடைய பலமும் நீச்சலில் இல்லை, சைக்கிளில்தான்.

இப்போது கணக்கு. 70.3 என்பது மைலில் மொத்தத் தூரம், நம் கணக்கில் 113 கிலோமீட்டர். அதில் நீச்சல் 1.9, அதாவது இரண்டு சதவீதம்கூட இல்லை. அதற்குக் கொடுக்கிற நேரம் 1 மணி 10 நிமிடம். 100 மீட்டருக்கு 3 நிமிடம் 40 விநாடி என்று போனாலே கரையேறிவிடலாம். ஃப்ரீஸ்டைல்தான் என்று கட்டாயம் இல்லை, தவளை நீச்சலிலும் போகலாம், மல்லாந்தும் போகலாம். முடியவில்லை என்றால் பாதுகாப்புக்கு நிற்கிற கயாக் படகைப் பிடித்து மூச்சு வாங்கலாம், பிடித்தபடி முன்னால் நகரக் கூடாது, அவ்வளவுதான். எனவே வேகத்தை மறந்துவிடுங்கள். வாரத்துக்கு ஒரு நாள் இரண்டு மணி நேரம் கிடப்பதைவிட நான்கு நாள் அரை மணி நேரம் நல்லது. 25 மீட்டர், சுவரில் பத்து மூச்சு, மறுபடி 25. சுவரில் நிற்கிற மூச்சு எட்டாகி, ஐந்தாகி, ஒரு நாள் நீங்கள் நிற்காமல் திரும்பிவிடுவீர்கள். நிற்காமல் 400 மீட்டர் வந்தபின் 750 மீட்டர் நீச்சல் உள்ள ஸ்பிரிண்ட் என்கிற சின்ன டிரையத்லான் ஒன்றுக்குப் பெயர் கொடுங்கள். 70.3 அடுத்த வருடமும் நடக்கும்.

குளத்தில் நீந்தத் தெரிந்ததும் கடல் தெரிந்துவிட்டதாக நினைக்காதீர்கள். நான் முதல் முறை சென்னையை அடுத்த கோவளத்தில் இறங்கியபோது ஐந்து பேர் இருந்தோம், கூடவே ஒரு மீனவரின் படகும் வந்தது. அலை உடைகிற இடத்தைத் தாண்டியதும் கீழே பார்த்தேன். குளத்தின் தரையில் ஒரு கறுப்புக் கோடு இருக்கும், ஏதோ ஒரு துணை மாதிரி. அங்கே வெறும் பச்சை, அதற்குக் கீழே கண்ணுக்கு ஒன்றுமில்லை. 1,500 மீட்டர் நிற்காமல் நீந்துகிற எனக்கு எட்டாவது கைவீச்சில் மூச்சு நின்றுவிட்டது. மல்லாந்து படுத்தேன். தலையைத் தண்ணீரிடம் விட்டேன். காது உள்ளே போனது, வானம் தெரிந்தது, ‘ம்ம்ம்’ என்று முனகினேன். இரண்டு நிமிடத்தில் சரியாகிவிட்டது. அன்றைக்கு எனக்கு ஃப்ரீஸ்டைல் உதவவில்லை, மிதக்கத் தெரிந்ததுதான் உதவியது. அதனால் ஐந்து நிமிடம் அசையாமல் மிதக்க வராதவரை கடலுக்குப் போக வேண்டாம்.

போகும்போதும் தனியாகப் போகாதீர்கள். எத்தனை வருடம் நீந்தினாலும் இதில் விதிவிலக்கு கிடையாது. இடுப்பில் கட்டி இழுத்துப் போகிற ஆரஞ்சு மிதவை கட்டாயம் வேண்டும். இறங்குவதற்கு முன் கரையில் இருக்கும் மீனவர்களிடம் நீரோட்டம் எந்தப் பக்கம் என்று கேளுங்கள். சென்னைக் கரையில் வருடத்தில் பெரும்பகுதி அது வடக்கே இழுக்கும், வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் தெற்கே. நேராகப் போகிறோம் என்று நினைத்துக்கொண்டே வெகுதூரம் தள்ளிப் போயிருப்போம். ஏழெட்டு கைவீச்சுக்கு ஒரு முறை முதலை மாதிரி கண்ணை மட்டும் மேலே கொண்டுவந்து கரையில் உயரமான ஒன்றைப் பார்த்துக்கொள்ள வேண்டும். இதைக் குளத்திலேயே பழகலாம்.

400 மீட்டர் வந்ததும் எனக்கு எழுதுங்கள். அப்புறம், அந்தத் தோட்டத்துக் கிணற்றில் இப்போது தண்ணீர் இருக்கிறதா? அதையும் சேர்த்து எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா