சிகரெட் பாக்கெட்டுக்குள் வந்த பேஸ்பால் வீரர்கள்
(வாசகர் கேள்வி–பதில்)

கேள்வி: சிகரெட்டோடு பேஸ்பால் வீரர் படத்தைக் கொடுக்கும் யோசனை எப்படி வந்தது?

பதில்: முதலில் தேவைப்பட்டது படமல்ல, அட்டைதான். 1880களில் அமெரிக்க சிகரெட்டுகள் மெல்லிய காகித உறையில் விற்றன. சட்டைப்பையில் நசுங்காமல் இருக்க உள்ளே ஒரு கெட்டி அட்டையைச் செருகினார்கள். சும்மா கிடந்த அந்த அட்டையில் நடிகைகள், குத்துச்சண்டை வீரர்கள், பேஸ்பால் ஆட்டக்காரர்கள் ஏறினார்கள்.

படத்தை வியாபார ஆயுதமாக்கியது ஒரு இயந்திரம். ஜேம்ஸ் பான்சாக் 1881இல் காப்புரிமை பெற்ற சிகரெட் சுற்றும் இயந்திரம் நிமிடத்துக்குச் சுமார் 200 சிகரெட் தள்ளியது. கையால் சுற்றுபவர் அதே நிமிடத்தில் நாலைந்துதான் முடிப்பார். சரக்கு குவிந்தது, வாங்கியவரையே மறுபடி வாங்க வைக்க வேண்டியிருந்தது. அதற்காகப் படங்கள் வரிசைத் தொகுப்பாக வந்தன. ரிச்மண்டின் ஆலன் அண்ட் ஜின்டர் 1887இல் விட்ட 50 அட்டைத் தொகுப்பில் 10 பேர் பேஸ்பால் வீரர்கள். நியூயார்க்கின் குட்வின் கம்பெனி ‘ஓல்ட் ஜட்ஜ்’ பெயரில் 1887 முதல் 1890 வரை ஐநூறுக்கும் மேற்பட்ட வீரர்களின் நிழற்படங்களை அட்டையில் ஒட்டிக் கொடுத்தது.

1890இல் ஐந்து பெரிய கம்பெனிகள் சேர்ந்து அமெரிக்கன் டொபாக்கோ ஆயின. போட்டியே இல்லாதபோது இலவசம் எதற்கு? சில ஆண்டுகளில் அட்டைகள் நின்றுபோயின. 1909இல்தான் பெரிய அளவில் திரும்பி வந்தன. 1911 மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்தக் கம்பெனியைப் பிரிக்கச் சொல்லித் தீர்ப்பளித்தது.

கேள்வி: ‘டி206’ என்றால் என்ன? அட்டையில் அப்படி எங்கும் அச்சாகவில்லையே?

பதில்: அச்சாகியிருக்காது. அது ஜெபர்சன் பர்டிக் என்ற சேகரிப்பாளர் தன் பட்டியலில் கொடுத்த எண். ‘என்’ (N) என்றால் 19ஆம் நூற்றாண்டுப் புகையிலை அட்டை, ‘டி’ (T) என்றால் 20ஆம் நூற்றாண்டு. 3 லட்சத்துக்கும் மேற்பட்ட அட்டைகளும் அச்சுத் துண்டுகளும் கொண்ட தன் சேகரிப்பை அவர் நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்துக்கே கொடுத்துவிட்டார்.

டி206 என்பது 1909–1911 காலத்துத் தொகுப்பு. மொத்தம் 524 அட்டைகள். 16 பிராண்டுகளின் விளம்பரம் பின்பக்கத்தில் வரும். புதிதாகச் சேகரிப்பவர்கள் முன்பக்க முகத்தைப் பார்த்தே விலை பேசுகிறார்கள். பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். பீட்மான்ட், ஸ்வீட் கேபரல் இரண்டும் சர்வ சாதாரணம். அதே வீரர், அதே படம், பின்னால் ‘டிரம்’ அல்லது ‘உசிட்’ என்று இருந்தால் விலை பல மடங்கு. ‘போலார் பேர்’ சிகரெட் அல்ல, உதிரிப் புகையிலை. அட்டை புகையிலைக்குள்ளேயே கிடந்ததால் பழுப்புக் கறை சகஜம். அதைக் கண்டு சந்தேகப்பட வேண்டாம்.

கேள்வி: ஹோனஸ் வாக்னர் அட்டைக்கு மட்டும் ஏன் இத்தனை விலை?

பதில்: பிட்ஸ்பர்க் பேஸ்பால் அணியின் வாக்னர் டி206 தொகுப்பில் தன் படத்தைப் போட அனுமதி மறுத்ததால் அச்சு சீக்கிரமே நின்றது. இன்று அறுபதுக்கு உட்பட்டவையே இருப்பதாகக் கணக்கு. சிறுவர்கள் சிகரெட் வாங்குவதை விரும்பாமல் மறுத்தார் என்பது பிரபலமான விளக்கம். பணம் போதவில்லை என்பவர்களும் உண்டு. அவரே புகையிலை மெல்லுபவர் என்பதையும் நினைவில் வையுங்கள். 2022 ஆகஸ்டில் ஒரு வாக்னர் அட்டை 72.5 லட்சம் டாலருக்குக் கைமாறியது, அதுவும் நல்ல நிலையில் இல்லாத ஒன்று.

கேள்வி: நியூ ஜெர்சியில் பழைய சாமான் விற்பனையில் ஒரு ஆல்பம் கிடைத்தது. அசலா என்று வீட்டிலேயே பார்க்க முடியுமா?

பதில்: பெரும்பாலான போலிகளை வீட்டிலேயே கழித்துவிடலாம். முதலில் அளவு: டி206 சுமார் 36.5 மி.மீ. அகலம், 66.7 மி.மீ. உயரம். ‘அமெரிக்கன் பியூட்டி’ பின்பக்கம் கொண்டவை மட்டும் சற்றுக் குறுகலானவை. அடுத்து 10 மடங்கு லென்ஸில் வீரர் பெயரைப் பாருங்கள். அசலில் எழுத்து ஒரே பழுப்பு மையில் திடமாக இருக்கும். எழுத்தே பலநிறப் புள்ளிகளாகச் சிதறினால் அது பிற்கால மறுபதிப்பு. மூன்றாவதாக, இருட்டறையில் புற ஊதா விளக்கு. வெளிர்நீலமாகப் பளிச்சிட்டால் காகிதத்தில் வெண்மையூட்டி கலந்திருக்கிறது. அது இரண்டாம் உலகப்போருக்குப் பிந்தைய வழக்கம். ஆனால் ஒளிராத பழைய காகிதத்தில் புதிதாக அச்சடித்தவர்களும் உண்டு. ஆகவே லென்ஸ் சோதனையை விட்டுவிடாதீர்கள். உங்கள் ஆல்பத்தில் வாக்னரே இருந்தால், பின்னால் பீட்மான்ட் அல்லது ஸ்வீட் கேபரல் தவிர வேறு எது இருந்தாலும் உற்சாகத்தை அடக்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஆல்பத்தில் பசை போட்டு ஒட்டியிருக்கிறார்கள். பிய்க்கலாமா?

பதில்: பிய்த்தால் பின்பக்கத் தாள் உரிந்துவிடும், மதிப்பில் பாதி அங்கேயே போகும். ஆல்பத் தாளை அட்டையைச் சுற்றி வெட்டியெடுத்து, அறை வெப்பத்திலுள்ள வாலைவடி நீரில் (டிஸ்டில்டு வாட்டர்) கண்ணாடிக் கிண்ணத்தில் மிதக்க விடுங்கள். மாவுப்பசை அரை மணியிலிருந்து சில மணி நேரத்தில் இளகி, அட்டை தானாக நழுவும். நழுவாவிட்டால் இழுக்காமல் இன்னும் காத்திருங்கள். எஞ்சிய பசையை ஈர விரல் நுனியால் மெல்லத் தள்ளுங்கள். பிறகு இரண்டு ஒற்றுத்தாள்களுக்கு நடுவே வைத்து மேலே கனமான புத்தகங்கள். முதல் நாளில் தாளை இரண்டு மூன்று முறை மாற்றி, முழுதும் காயச் சில நாள் விடவும். வெயிலில் காயவைத்தாலோ முடி உலர்த்தும் கருவியைக் காட்டினாலோ அட்டை சுருண்டுகொள்ளும்.

இது டி206 போன்ற கல்லச்சு (அட்டையிலேயே மையால் அச்சடித்த) அட்டைகளுக்கு மட்டும். ‘ஓல்ட் ஜட்ஜ்’ அட்டையை நனைத்தால் படம் தனியே, அட்டை தனியே வந்துவிடும். தங்க ஓரம் கொண்ட 1911ஆம் ஆண்டு டி205ஐயும் நனைக்க வேண்டாம், ஓரம் உதிரும். ரப்பர் போட்டுத் தேய்ப்பதும் வெளுப்பான் தடவுவதும் எந்த அட்டைக்கும் கூடாது.

கேள்வி: நைந்த ஓரத்தை வெட்டிச் சீராக்கலாமா?

பதில்: கூடவே கூடாது. 1991இல் ஐஸ் ஹாக்கி வீரர் வெய்ன் கிரெட்ஸ்கியும் ஒரு பங்காளியும் 4,51,000 டாலருக்கு வாங்கிய வாக்னர் அட்டையின் ஓரத்தைத் தான் வெட்டியதாக, அதை முன்பு விற்ற பில் மாஸ்ட்ரோ 2013இல் ஒப்புக்கொண்டார். சாதாரண அட்டையில் அப்படி வெட்டு தெரிந்தால் தரச்சான்று நிறுவனங்கள் தர மதிப்பெண் தர மறுக்கும். நூறு வருட அட்டைக்கு ஓரம் மட்டும் பளீரென்று வெள்ளையாக இருந்தால், வெட்டியது என்று அறிய லென்ஸே தேவையில்லை. நைந்ததை அப்படியே பாலியஸ்டர் அல்லது பாலிபுரோப்பிலீன் உறையில் போடுங்கள். பி.வி.சி. உறை நாளடைவில் பிசுபிசுத்து மையைப் பிடித்துக்கொள்ளும்.