ரோபோ ஓட்டுபவரின் கையும் காதும்: கேள்வி பதில்

கோவை கணபதியில் எனக்குச் சின்னப் பட்டறை. இயந்திரங்களுக்குக் கட்டுப்பாட்டுப் பலகை செய்வது தொழில். மீட்புப் பணி ரோபோ, மாற்றுத்திறனாளிகளுக்கான கருவி இரண்டையும் மனிதர் எப்படி ஓட்டுவது என்பதைப் பற்றிக் கேளுங்கள் என்றிருந்தேன். வந்த கேள்விகளில் சில இதோ.

எனக்கு கம்ப்யூட்டர் தெரியாதுங்க. போர்வெல் ரிக்தான் ஓட்டறேன். மீட்பு ரோபோ ஓட்ட முடியுமா? (திருச்செங்கோடு)

தாராளமா முடியும்ங்கண்ணா. படித்துவிட்டு வரும் பையனைவிட உங்களுக்குச் சீக்கிரம் பிடிபடும் என்றுகூடச் சொல்வேன். குழிக்குள் நடப்பதை நீங்கள் கண்ணால் பார்ப்பதில்லை. அடிக்கிற சத்தம் மாறினால் பாறை மாறிவிட்டது என்று தெரிந்துகொள்கிறீர்கள். மேலே வரும் தூசியின் நிறம், ஈரம் பார்த்து அடுத்து என்ன என்று முடிவு செய்கிறீர்கள். கை மட்டும் லிவரை விட்டு நகராது. இடிபாட்டுக்குள் போன ரோபோவை ஓட்டுவதும் ஏறக்குறைய இதே வேலைதான்.

அதனால் வெறும் தொடுதிரையை நான் சிபாரிசு செய்வதில்லை. கையுறை போட்ட கைக்கு லிவர் வேண்டும். ரோபோவில் ஒரு மைக் கட்டாயம் வேண்டும். கேமரா முழுக்கப் புழுதி அப்பிய பிறகும், மோட்டார் முனகுவதைக் கேட்டே சக்கரம் சிக்கியிருப்பதைச் சொல்லிவிடலாம். அமெரிக்க ராணுவத்துக்குப் போன பேக்பாட் ரோபோவை வீடியோ கேம் கைப்பிடி மாதிரியான ஒன்றால் ஓட்டவைத்தார்கள். அந்த வயதுப் பையன்களின் கைக்குப் பழகியது அது. உங்கள் கைக்குப் பழகியது லிவர்.

2019 டிசம்பரில் நடூரில் சுவர் இடிந்து 17 பேர் இறந்தார்கள். அன்று ரோபோ இருந்திருந்தால்? (மேட்டுப்பாளையம்)

ஆறுதலுக்காக ஆமாம் என்று சொல்ல மாட்டேன். இந்த வகை ரோபோ இடிபாட்டைத் தூக்காது, உள்ளே ஆள் இருக்கிறாரா என்று தேடும். ஓட்டு வீட்டின் மேல் சுவர் விழுந்த இடத்தில் ஜேசிபியும் ஆட்களும்தான் வேகம். ஆள் நுழைய முடியாத சந்து, இன்னும் சரிந்துகொண்டிருக்கும் கட்டடம், விஷவாயு இருக்கும் இடம், அங்கேதான் ரோபோவுக்கு வேலை.

2001இல் நியூயார்க் இரட்டைக் கோபுர இடிபாட்டில் ரோபோக்களை இறக்கிய குழுவில் ராபின் மர்ஃபி முக்கியமானவர். அவருடைய ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்வது, ஒரு ரோபோவுக்கு ஒரே ஆள் போதாது என்பது. ஒருவர் ஓட்ட, இன்னொருவர் படத்தைப் பார்க்க வேண்டும். சாவித்துளை வழியாகப் பார்ப்பது போன்ற அந்தச் சின்னப் படத்தில், ஓட்டுகிறவருக்குச் சக்கரத்தின் மேல்தான் கவனம் போகும். சுவரோரம் தெரிகிற கை அவர் கண்ணில் படாது. ஆகவே திரையும் இரண்டு வேண்டும்.

மீட்பு ரோபோவுக்கு வயர் எதற்கு? எல்லாம் வயர்லெஸ் ஆகிவிட்டதே? (பெருந்துறை)

தடித்த கான்கிரீட்டுக்குள் சிக்னல் போகாது. ஃபுகுஷிமா அணு உலையில் 2011இல் குவின்ஸ் என்ற ஜப்பானிய ரோபோவை கேபிளோடுதான் அனுப்பினார்கள். அந்தக் கேபிளே அக்டோபரில் பழுதாகி, ரோபோ உள்ளேயே நின்றுபோனது. போன வழி, மீதமுள்ள கேபிள், அது எந்த மூலையில் உரசுகிறது, இதெல்லாம் திரையில் பெரிதாகத் தெரிய வேண்டும். பேட்டரி அளவை மட்டும் அழகாகக் காட்டி என்ன பயன்?

மகளுக்கு 22 வயது, பெருமூளை வாதம். கை நடுங்கும், ஜாய்ஸ்டிக் பிடிக்க வராது. சோறு ஊட்டும் ரோபோ கை சரிப்படுமா? (பல்லடம்)

அக்கா, முதலில் மகளிடமே கேளுங்கள். யார் ஊட்ட வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்பது அவர் முடிவு.

ஜாய்ஸ்டிக் போவது முன்-பின், இடது-வலது என்று இரண்டு விதமாகத்தான். சக்கர நாற்காலியில் பொருத்தும் ரோபோ கைக்கோ ஆறு விதமான அசைவு உண்டு. அதனால் "இப்போது மேலே-கீழே", "இப்போது மணிக்கட்டு" என்று அடிக்கடி மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். நல்ல கை உள்ளவர்களே அலுத்துப்போவார்கள். மகளால் எந்த அசைவை நினைத்தபோது செய்ய முடிகிறது என்று பாருங்கள். முழங்கால், தாடை, தலை, எதுவானாலும் சரி. அங்கே ஒரே ஒரு பெரிய பட்டன் வையுங்கள். சோறு, பொரியல், தண்ணீர் என்று விளக்கு ஒவ்வொன்றாக நகரும், வேண்டியது வரும்போது அழுத்தினால் போதும். விளக்கு நகரும் வேகத்தை அவருக்கு ஏற்றபடி குறைக்க வேண்டும். நடுக்கத்தில் அடுத்தடுத்து விழும் அழுத்தங்களை ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும்படி மென்பொருளில் வைக்கலாம். கரண்டி வாய்க்குச் சற்று முன்னால் நின்றுவிட வேண்டும். தலையை முன்னால் கொண்டுவந்து வாங்குவது அவர் விருப்பம்.

கண் அசைவால் இயக்கும் கருவியைச் சிலர் விற்க வருவார்கள். பார்த்ததையெல்லாம் அது தேர்வாக எடுத்துக்கொள்ளும் தொல்லை பழையது. பேச்சுவாக்கில் உங்கள் முகத்தைப் பார்த்துவிட்டுத் தட்டுப் பக்கம் திரும்பினால் கரண்டி கிளம்பிவிடும்.

இன்னொன்று. ஊட்டும் ரோபோ ஆய்வுகள் பல, முள்கரண்டியில் குத்தி எடுக்கும் துண்டுகளை வைத்து நடந்தவை. தயிர்சோற்றை எங்கே குத்துவது? வாங்கும் முன் உங்கள் வீட்டுச் சாப்பாட்டைக் கொண்டுபோய் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

தமிழில் பேசியே இயக்கலாமா? (கோபி, கல்லூரி மாணவி)

கூடுதல் வசதியாக வைக்கலாம் கண்ணு. அதை மட்டும் நம்ப வேண்டாம். கம்ப்ரசர் ஓடும் இடத்தில் பக்கத்தில் நிற்பவருக்கே காது கேட்காது. பேச்சு குழறுபவருக்கோ அது பயன்படாமலே போகலாம்.

மூளையாலேயே ஓட்டுகிறார்களாமே? (ஈரோடு)

பக்கவாதத்தால் கை கால் செயலிழந்த அமெரிக்கப் பெண் ஒருவர், மூளையில் பதித்த சில்லு மூலம் ரோபோ கையை நகர்த்திக் காபி குடித்ததாக 2012இல் ஓர் ஆய்வு வெளியானது. உண்மைதான். அதற்கு மண்டையைத் திறந்து அறுவை சிகிச்சை செய்ய வேண்டும், பக்கத்தில் ஓர் ஆய்வுக் குழு இருக்க வேண்டும். நம் வீட்டுக்கு இப்போதைக்கு முழங்கால் பட்டன் போதும்.

கல்லூரி புராஜெக்டில் எமர்ஜென்சி ஸ்டாப் வைத்துவிட்டோம். வேறென்ன பார்க்க வேண்டும்? (சத்தியமங்கலம்)

மஞ்சள் பின்னணியில் சிவப்புக் குமிழ், சரி. திருகி விடுவித்ததும் ரோபோ தானாகக் கிளம்பக் கூடாது, தனியாக ஒரு ஸ்டார்ட் வேண்டும். அப்புறம், பட்டனை அழுத்தியதும் மின்சாரத்தை வெட்டிவிட்டு விட்டுவிடாதீர்கள். ஆளைத் தூக்கிக்கொண்டிருக்கும் கை பொத்தென்று விழுந்துவிடும். மின்சாரம் போனால் தானே பிடித்துக்கொள்ளும் பிரேக் மோட்டாரில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், ஒரு மணல் மூட்டையைத் தொங்கவிட்டுச் சோதியுங்கள்.