பெண் குருமார் விடயத்தில் பேச்சை நிறுத்திய நண்பியுடன் மீண்டும் சேர முடியுமா?

நீங்களும் அவரும் ஒரே அங்கிலிக்கன் சபை (இங்கிலாந்துத் திருச்சபை வழி வந்த சபை), ஒரு பெண் குருவானவர் திருவிருந்து, அதாவது அப்பமும் இரசமும் பகிரும் ஆராதனை, நடத்திய நாளில் மனக்கசப்புத் தொடங்கியிருக்கும் என்று ஊகிக்கிறேன். சேரலாம். ஆனால் அவர் கொள்கை மாறட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

நான் கொழும்பு வெள்ளவத்தை. சின்ன வயதில் என்னை ஞாயிறு பாடசாலைக்குக் கூட்டிப்போன அக்கா, எங்கள் கோயிலுக்குப் பெண் குரு வந்ததும் அப்பம் வாங்க எழும்பாமல் வாங்கிலேயே இருந்துவிட்டார். நான் கொதித்துப்போனேன். பல மாதம் பேச்சில்லை. அப்புறம் அந்தக் குருவுக்கு டெங்கு. தினமும் கஞ்சியும் சூப்பும் கொண்டுபோனது யார் என்று நினைக்கிறீர்கள்? கேட்டதற்கு, "பிள்ளைக்குக் காய்ச்சல், நான் சமைச்சுக் குடுக்கக் கூடாதோ?" என்றார். இப்போது பெண் குரு திருவிருந்து நடத்தும் ஞாயிறுகளில் அவர் வேறு கோயிலுக்குப் போவார். முடிந்ததும் என் வீட்டில் தோசை. ஏன் வரவில்லை என்று நான் கேட்பதில்லை.

பெண்ணடிமைத்தனத்துக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று எழுத வருபவர்களுக்கு: நான் பெண் குருமார் பக்கம்தான். 1944இலேயே ஹொங்கொங் பேராயர் புளோரன்ஸ் லி திம்-ஓய் என்ற பெண்ணைக் குருவாக்கிவிட்டார், எனக்கு அதில் சந்தேகமே இல்லை. ஆனால் இங்கிலாந்தில் 2012இல் பெண் பேராயர் சட்டம் திருச்சபை மன்றத்தின் பொதுநிலையினர் (குருமார் அல்லாதோர்) அவையில் ஆறு வாக்குக் குறைந்து தோற்றது. பிறகு எதிர்த்தவர்களையும் கூட்டி வைத்துப் பேசினார்கள். அவர்களுக்கும் சபைக்குள் இடமுண்டு என்று எழுதி வைத்த பிறகே 2014இல் சட்டம் நிறைவேறியது.

2025 ஒக்டோபரில் சாரா முல்லாலி என்ற பெண்ணைக் கன்டர்பரி பேராயராக, அதாவது இங்கிலாந்துத் திருச்சபையின் பிரதம பேராயராக, அறிவித்தார்கள். இலங்கைத் திருச்சபைக்கென்று தனிப் பிரதம பேராயர் கிடையாது, கன்டர்பரிதான் எங்களுக்கும் மேலே. முதலில் போன் எடுத்தது அக்காதான். "உன்ர ஆள் வந்திட்டா. இனி எனக்கும் அவதானே பெரியவ, என்ன செய்யிறது" என்று சிரித்தார்.

சொல்ல வந்ததால் இதையும் சொல்கிறேன். பெண் குருவைப் பற்றி இத்தனை கூட்டம் போட்ட எங்கள் சபைக் குழு, தமிழ் ஆராதனையை ஆங்கில ஆராதனைக்கு இடம் விட்டு விடியற்காலைக்குத் தள்ளியபோது ஒரு கூட்டம்கூடப் போடவில்லை. கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ்ஸில் வரும் கிழவிகளை யார் நினைத்தார்கள்? அதற்கு நாங்கள் எழுதிய கடிதத்தில் முதல் கையெழுத்து அக்காவினது, இரண்டாவது அந்தப் பெண் குருவினது. பதில் இன்னும் வரவில்லை.