மூன்று வாரத்தில் வந்த ஒற்றைக் கோடு

தம்பி, பாதுகாப்பில்லாத உறவுக்கு மூன்று வாரம் கழித்து, விரல் நுனி இரத்தத்தில் பார்த்த எச்ஐவி சோதனையில் ஒரு கோடுதான் வந்தது, நம்பலாமா என்று கேட்டிருந்தீர்கள். ஒரு கோடு என்றால் தொற்று தென்படவில்லை என்று பொருள்; நல்ல அறிகுறிதான், ஆனால் இறுதி முடிவு இல்லை. அந்தச் சோதனை அட்டை தேடுவது வைரஸை அல்ல, அதற்கு எதிராக உடம்பு உண்டாக்கும் பிறபொருளெதிரியை. உறவுக்குப் பிறகு அது தெரியவர 3 மாதம் வரை ஆகலாம். அப்போது மறுபடி பாருங்கள். அதுவரை ஆணுறை கட்டாயம், இரத்ததானமும் வேண்டாம்.

திருகோணமலை ஆஸ்பத்திரியின் பாலியல் நோய் கிளினிக்கில் இலவசமாகப் பார்ப்பார்கள். தெரிந்தவர் கண்ணில் பட்டுவிடுமோ என்ற பயம் புரிகிறது, சின்ன ஊர். ஆனாலும் உங்கள் சம்மதமில்லாமல் சோதிக்கவோ, முடிவை வீட்டாருக்குச் சொல்லவோ கூடாது. அப்புறம், இரண்டு கோடு வந்தாலும் பதற வேண்டாம். வேறு சோதனைகளால் உறுதிசெய்த பிறகே எச்ஐவி தொற்று என்று சொல்வார்கள்.