எட்டு ஏ, எட்டு பி, எட்டு கப் டீ: சோதனை செய்பவர்களின் கேள்விகள்

கே: கொழிஞ்சாம்பாறையில் பி.எட். படிக்கிறேன். எட்டாம் வகுப்பு ஏ டிவிஷனில் கதை சொல்லி, பி-யில் வழக்கம்போல் பாடம் நடத்தி மார்க்கை ஒப்பிட்டால் போதுமா?

ப: போதாது. ஏ-யில் மார்க் கூடினால் காரணம் கதையா, அங்கே ஏற்கெனவே இருந்த கெட்டிக்காரப் பிள்ளைகளா, மதியச் சாப்பாட்டுக்கு முந்தைய பீரியடா என்று எப்படிப் பிரிப்பீர்கள்? எழுபது பிள்ளைகள் இருந்தாலும் கையில் இருப்பது இரண்டே டிவிஷன். எல்லாப் பெயரையும் ஒன்றாக எழுதி, சீட்டுக் குலுக்கிப் பிரியுங்கள். மனம்போனபடி நீங்களே பிரிப்பது குலுக்கல் ஆகாது. ஹெட்மாஸ்டர் ஒத்துக்கொள்ளவில்லையா? ஒரே டிவிஷனில் சில பாடங்களைக் கதையாக நடத்துங்கள். எந்தப் பாடம் என்பதைக் குலுக்கல் முடிவு செய்யட்டும்.

விடைத்தாளை மட்டும் நீங்கள் திருத்தாதீர்கள். ஜெர்மனியில் ஹான்ஸ் என்ற குதிரை கணக்குப் போட்டு, விடையைக் குளம்பால் தட்டிச் சொல்வதாகப் பலரும் நம்பினார்கள். கேட்பவரின் சின்னத் தலையசைவைப் பார்த்துத்தான் அது குளம்பு தட்டுவதை நிறுத்தியது என்று 1907-இல் ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் என்ற உளவியல் ஆய்வாளர் காட்டினார். குதிரைக்காரர் ஏமாற்றவில்லை, பாவம், அவருக்கே தெரியாது. உங்கள் எதிர்பார்ப்பும் அப்படித்தான், உங்களுக்கே தெரியாமல் மார்க்கில் கலந்துவிடும்.

கே: மூணாறு எஸ்டேட்காரர் என் மாமா. எங்கள் தேயிலையை ருசித்தே கண்டுபிடிப்பாராம். எப்படிச் சோதிப்பது?

ப: எட்டு கப், உங்கள் தூள் நாலு, வேறு தூள் நாலு. வரிசையைக் குலுக்கலில் முடிவு செய்யுங்கள். சூடும் சர்க்கரையும் ஒன்றாக இருக்கட்டும்; கலக்கியவர் பரிமாறக் கூடாது. 1935-இல் புள்ளியியல் அறிஞர் ஃபிஷர் தன் புத்தகத்தில் விளக்கிய தேநீர்ச் சோதனையும் இதே அமைப்புதான். உங்கள் தூள் எந்த நாலு கப்பில் என்று மாமா பொறுக்கட்டும். எட்டில் நாலைப் பொறுக்க 70 வழிகள். குருட்டாம்போக்கில் நாலும் சரியாக வருவது 70-க்கு ஒன்று. குறைந்தது மூன்று சரியாக வருவதோ 70-க்கு 17. ஆகவே மூன்றைச் சொல்லிவிட்டு மாமா மீசையை முறுக்கினால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

கே: குழுவுக்கு முப்பது பேர் போதும் என்கிறார் கைடு. (குப்பம்)

ப: தேடும் வித்தியாசம் எவ்வளவு பெரியது என்று முதலில் கேளுங்கள். மார்க்குகள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதன் அளவுதான் திட்டவிலக்கம். அதில் பாதி அளவு வித்தியாசத்தை, வழக்கமான 5 சதவீத மட்டத்தில் (இல்லாத வித்தியாசத்தை இருப்பதாகச் சொல்லிவிடும் வாய்ப்பு 5 சதவீதம்), 80 சதவீத வாய்ப்போடு பிடிக்கவே குழுவுக்கு 64 பேர் வேண்டும். வித்தியாசம் 0.2 திட்டவிலக்கமாகச் சுருங்கினால் ஏறத்தாழ 394 பேர்.

கே: நகரிப் பக்கம் பிள்ளைகளுக்கு வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு. கேள்வித்தாள் எதில்?

ப: தமிழில் அச்சடித்துக் கொடுத்தால் எழுத்துக்கூட்டும் திறமையைத்தான் அளப்பீர்கள். வீட்டுத் தமிழில் ஒரே ஒலிப்பதிவை எல்லாருக்கும் போட்டுக் காட்டுங்கள். அதற்கு முன் நாலைந்து பிள்ளைகளிடம் போட்டு, ஒவ்வொரு கேள்விக்கும் ‘என்ன புரிஞ்சுது?’ என்று கேட்டுவிடுங்கள்.