சங்கம் இல்லாத காலேஜா தேடுகிறீர்கள், அண்ணாச்சி?

அண்ணாச்சி, தாராவியில் இருந்துகொண்டு மகளை எம்.எஸ். சர்ஜரி வரைக்கும் கொண்டுவந்திருக்கிறீர்கள், முதலில் அதற்கு வாழ்த்து. 'மும்பையில் சீட் எடுத்தால் மார்ட், ஸ்ட்ரைக் என்று பிள்ளையை இழுத்துவிட்டுவிடுவார்கள், அந்தத் தொல்லை இல்லாத காலேஜாகப் பார்க்கலாமா' என்று கேட்டிருந்தீர்கள். மார்ட் என்பது மகாராஷ்டிரா ரெசிடெண்ட் டாக்டர்கள், அதாவது ஆஸ்பத்திரியில் வேலை பார்த்துக்கொண்டே மேல்படிப்பு படிக்கிற டாக்டர்கள், வைத்திருக்கிற சங்கம். நான் நேர்மாறாகத்தான் சொல்வேன், ரெசிடெண்ட் சங்கம் சுறுசுறுப்பாக இருக்கிற இடமாகப் பாருங்கள்.

வேலை நேரத்தை விதி பார்த்துக்கொள்ளும் என்று நம்பி உட்கார முடியாது. மத்திய அரசின் ரெசிடென்ஸி திட்டம் 1992-லேயே வாரத்துக்கு 48 மணி நேரம், ஒரே மூச்சில் 12 மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று எழுதி வைத்துவிட்டது. தேசிய மருத்துவ ஆணையத்தின் 2023 விதிகளில் 'நியாயமான வேலை நேரம்' என்று மட்டும் இருக்கிறது, எத்தனை மணி என்று இல்லை. 2024-ல் அதே ஆணையத்தின் மனநலப் பணிக்குழு வாரத்துக்கு 74 மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம் என்றது. 74-ஐயே சலுகை மாதிரி கேட்க வேண்டியிருக்கிறது என்றால், காலை ரவுண்ட்ஸில் தொடங்கி, ராத்திரி முழுக்க எமர்ஜென்சி பார்த்து, மறுநாள் ஆபரேஷன் தியேட்டரிலும் நிற்கிற முதல் வருஷ ஜே.ஆர். (ஜூனியர் ரெசிடெண்ட்) எந்தக் கணக்கில் வருவார் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்ட்ரைக் என்றாலே காசுக்காக என்று நினைக்கிறோம். 2021-ல் மருத்துவ மேல்படிப்புக்கான நீட் பி.ஜி. தேர்வு ஜனவரியிலிருந்து செப்டம்பருக்குப் போனது, அப்புறம் கவுன்சிலிங்கும் இட ஒதுக்கீட்டு வழக்கில் நின்றுபோனது. புது பேட்ச் வரவே இல்லை, மூன்று பேட்ச் பார்க்கிற வேலை இரண்டு பேட்ச் தலையில் விழுந்தது. டிசம்பரில் டெல்லியில் ரெசிடெண்ட் சங்கங்களின் கூட்டமைப்பான ஃபோர்டா தெருவில் இறங்கியதற்கு அதுதான் காரணம், கவுன்சிலிங் 2022 ஜனவரியில்தான் தொடங்கியது. இங்கே மார்ட் 2024 பிப்ரவரியில் ஸ்டைபெண்டுக்காக, அதாவது மாத உதவித்தொகைக்காக, ஸ்ட்ரைக்கில் இறங்கியது, 10,000 ரூபாய் ஏறியது. சரி, அது காசுதான், ஆனால் கேட்காமல் யாரும் கொடுத்திருக்க மாட்டார்கள்.

உங்கள் பயமும் வெறும் பயம் இல்லை. அரசு மெஸ்மா என்கிற அத்தியாவசிய சேவைச் சட்டத்தைக் காட்டி மிரட்டும், 80 சதவீத அட்டெண்டன்ஸ் கட்டாயம், அதோடு தீசிஸில் கையெழுத்துப் போடுகிற கைடும் அதே டிபார்ட்மெண்டில்தான் உட்கார்ந்திருப்பார். அதனால்தான் அனுபவமுள்ள சங்கம் முன்கூட்டியே நோட்டீஸ் கொடுக்கும், எமர்ஜென்சியையும் ஐ.சி.யு.வையும் தொடாமல் ஓ.பி.டி.யை (வெளிநோயாளிகள் பிரிவை) மட்டும் நிறுத்தும், ஸ்ட்ரைக் நாட்களை என்ன செய்வது, யார் மேலும் நடவடிக்கை இல்லை என்பதையெல்லாம் எழுத்தில் வாங்கிக்கொண்டுதான் வேலைக்குத் திரும்பும். வாய்ச்சொல்லை நம்பி வார்டுக்குப் போகிற சங்கத்தில் பாப்பா கொஞ்சம் ஒதுங்கியே இருக்கட்டும். மற்றபடி உறுப்பினர் ஆவதை நீங்கள் தடுக்காதீர்கள், ஜே.ஆர். தனியாகப் போய் டிபார்ட்மெண்ட் தலைவரான ஹெச்.ஓ.டி.யிடம் வார விடுமுறை கேட்டால் என்ன பதில் வரும் என்று உங்களுக்குத் தெரியாததா?

கவுன்சிலிங்கில் காலேஜ்களை வரிசைப்படுத்திக் கொடுக்கிற சாய்ஸ் ஃபில்லிங்குக்கு முன்னால், அந்தந்த காலேஜின் சர்ஜரி யூனிட்டின் இரண்டாம் வருஷப் பிள்ளைகள் யாரிடமாவது பாப்பாவையே பேசச் சொல்லுங்கள். ஒருவர் லீவு போட்டால் அந்த டியூட்டியை யார் பார்ப்பது, ஸ்டைபெண்ட் எந்தத் தேதியில் வருகிறது, லேடீஸ் டியூட்டி ரூமுக்கு உள்தாழ்ப்பாள் இருக்கிறதா, சங்கத் தேர்தல் கடைசியாக எப்போது நடந்தது, இவ்வளவு கேட்டால் போதும். சீட்டை விட்டால் கட்ட வேண்டிய பாண்ட் தொகையையும் சேர்வதற்கு முன்னாலேயே பார்த்துவிடுங்கள், சேர்ந்த பிறகு மனசு மாறினால் அந்தப் பணம் உங்கள் தலையில்தான் விழும்.